பீரோவுக்குள் பூட்டிய நெட்

நாகர்கோவிலில் ஒரு தெருவுக்கே தலைவர் தாணுலிங்கம். அவர் ஒரு கடையைக் குறை சொல்லிவிட்டால், கடைக்காரர் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

நெட் மெதுவாக வருகிறதென்று, மெர்லினின் ரிப்பேர் கடையில் லேப்டாப்புக்குப் புது வைஃபை கார்டு போட்டுக்கொண்டார். கடையில் பறந்த நெட், வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டது. மெர்லினை வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

"டூப்ளிகேட் கார்டைப் போட்டு ஏமாத்துறியாம்மா? இப்பமே வேகம் வரணும். இல்லேன்னா உன் கடைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க."

"மோடம் எங்க இருக்கு சார்?"

இரும்பு பீரோவைக் காட்டினார். பின்பக்கம் ஓட்டை போட்டு, வயரை உள்ளே விட்டு, மோடத்தை வைத்துப் பூட்டியிருந்தார்.

"மாடியில குடியிருக்கவங்க நம்ம நெட்டை எடுத்திரக் கூடாதுல்லா?"

"அதுக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கே சார்."

"அதையெல்லாம் நம்ப முடியாது. மோடம் பீரோவை விட்டு வராது. பீரோவும் பூட்டித்தான் இருக்கும்."

மெர்லின் பீரோவை மேலும் கீழும் அளந்து பார்த்தாள். "சரி சார். கீழ்த்தட்டுல சேலை ஏதும் இருந்தா எடுத்திருங்க."

"எதுக்கு?"

"லேப்டாப்போட நீங்களும் உள்ள உட்காரணும்லா? நான் வெளிய பூட்டிருதேன். நெட் பறக்கும். மாடிக்கு ஒரு துளி போகாது."

அடுக்களையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் மனைவி சாவியோடு வந்து, பீரோவை விரியத் திறந்துவிட்டாள். லேப்டாப்பில் சுற்றிக்கொண்டே இருந்த வட்டம் நின்று, படம் ஓட ஆரம்பித்தது.

"கார்டு நல்ல கார்டுதான்" என்றார் தாணுலிங்கம், தரையைப் பார்த்தபடி.

"பூட்டும் நல்ல பூட்டுதான் சார். மாடி வீடு, உங்க வீடுன்னு அது வித்தியாசம் பார்க்கல."