ஓடையில் நிறுத்திய கார்

வெயிலில் கரண்ட் எடுக்கும் கம்பெனி என்றால் யாருக்குக் குறை சொல்ல வாய் வரும்? புகையில்லை, சாம்பலில்லை. ஆனால் சோலார் தகடு பதிக்க இடம் போதவில்லை என்று, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடையையே மண்ணடித்து மேடாக்கப் பார்த்தார் மேனேஜர் வரதராஜன். ஊரார் மனுக் கொடுக்க, விசாரணைக்கு சப்-கலெக்டர் அம்மா கிளம்பிவிட்டார்.

மேனேஜர் தன் டிரைவர் கூரிச்சாமியைக் கூப்பிட்டார். "நீ இந்த ஊர்க்காரன். இங்க ஓடையே கிடையாதுன்னு அந்தம்மாகிட்ட சொல்லு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

கூரிச்சாமி கணக்குப் போட்டுப் பார்த்தான். சொன்னால் ஊர் வயல் காயும். சொல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. மேற்கே வேறு வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

சப்-கலெக்டர் வந்து இறங்கினார். "இது தலைமுறை தலைமுறையா காய்ஞ்ச தரை மேடம்," என்று குழைந்தார் மேனேஜர். "என் டிரைவரையே கேளுங்க."

கூரிச்சாமி மேனேஜரின் புதுக் காரை எடுத்துப்போய், காய்ந்து கிடந்த ஓடையின் நட்டநடுவில் நிறுத்திவிட்டு வந்தான். அந்த நேரம் பார்த்து மேற்கே இடி உருண்டது.

மேனேஜர் பதறினார். "அடேய், அறிவு இருக்கா? மேக்க மழை கொட்டுதுடா! தண்ணி வந்தா காரை அடிச்சிட்டுப் போயிரும், எடுடா!"

"இல்லாத ஓடையில எப்படி சார் தண்ணி வரும்?" என்றான் கூரிச்சாமி.

சப்-கலெக்டர் சிரிக்கவில்லை. "வண்டியைக் கரையேத்துங்க டிரைவர். உங்ககிட்ட கேக்க வந்ததை உங்க மேனேஜரே சொல்லிட்டார்."

கார் கரையேறவும், செந்தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது.