பெயர் ஒட்டாத தட்டுகள்

குருவுக்கு வயது நாற்பது. சிஷ்யைக்கு ஐம்பத்திரண்டு. ஆராய்ச்சிக்கூடத்தில் இதெல்லாம் சகஜம்.

தங்கை தமயந்திக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபிறகுதான், பள்ளியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்த மங்கையர்க்கரசி வேலையை உதறிவிட்டு முனைவர் இளஞ்சேரனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். தங்கைக்கு இப்போது போடும் ஊசி கேட்கிறது. அது கேட்காமல் போனால் இன்னொரு மருந்து வேண்டும். அக்காவுக்கு அது ஒன்றே கவலை.

ஒருநாள், தாங்கள் சோதிக்கும் புது மருந்தைப் புற்று செல் வளரும் தட்டுகளில் விட்டு எண்ணிப் பார்த்த மங்கையர்க்கரசி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார், நம்ம மருந்து கேட்குது! மருந்து விட்ட தட்டுல புற்று செல் பாதிக்குப் பாதி செத்துக் கிடக்கு. விடாத தட்டுல எல்லாம் உயிரோட இருக்கு."

"எண்ணினது யாரு?"

"நான்தான். வேற யாரை நம்பறது?"

இளஞ்சேரன் சிரித்தார். "ஒரு டீ குடிச்சிட்டு வாங்கக்கா."

மங்கையர்க்கரசி திரும்பி வந்தபோது தட்டுகளில் ஒட்டியிருந்த சீட்டுகளைக் காணோம். தட்டுகளும் இடம் மாறியிருந்தன. எதில் மருந்து இருக்கிறது என்று குருவுக்கு மட்டும் தெரியும்.

"இப்ப எண்ணுங்க."

நுண்ணோக்கியில் குனிந்தவர், சுருங்கிக் கிடந்த ஒரு செல்லைப் பார்த்துத் தயங்கினார். இது உயிரா, பிணமா? இதுவரை இந்தச் சந்தேகமே வந்ததில்லை. மருந்துத் தட்டில் இருந்தால் செத்தது, மற்றதில் இருந்தால் பிழைத்தது. இப்போது ஒவ்வொன்றையும் உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

எண்ணி முடித்ததும் குரு சீட்டுகளைத் திரும்ப ஒட்டினார். மருந்து விட்டதற்கும் விடாததற்கும் வித்தியாசமே இல்லை.

பாவம், மங்கையர்க்கரசி உடைந்துபோனார்.

"நான் பொய் எழுதல சார்."

"தெரியும்க்கா. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. தங்கச்சி எப்படி இருக்காங்க?"

"கட்டி நல்லா சுருங்கிடுச்சு. நேத்து தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டா." சொல்லும்போதே அழுகை வந்தது. கொஞ்சம் ஆறியபின் கேட்டார்: "இந்த எண்ணிக்கையைத் தூக்கிப் போட்டுடவா சார்?"

"இல்ல. எழுதுங்க. கட்டுரையா வெளியிடணும்."

"கேட்காத மருந்தைப் பத்தி எழுதினா யாரு படிப்பாங்க?"

"உங்க தங்கச்சிக்குப் போடுற ஊசியைக் கண்டுபிடிச்சவங்க படிச்சாங்கக்கா. அதுக்கு முன்னாடி கேட்காம போன மருந்தையெல்லாம், யாரோ அழுதுகிட்டேயாவது ஒளிக்காம எழுதி வெச்சிருந்தாங்க."