பாதத்தில் வைத்த கரிப்பொட்டு

வேய்ங்காட்டு ஈசர் கோயிலில் சுவர்ப் பூச்சுக்குச் சுண்ணாம்பு குழைத்துக் கொடுக்கிறவர் சாத்தையனார். சுட்ட கிளிஞ்சலை நீற்றி, ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்து எடுப்பார். அந்தச் சாந்தின்மேல் ஓவியர்கள் சித்திரம் எழுதிப் பேர் வாங்குவார்கள். இவருக்குக் கிடைத்ததெல்லாம் வெந்து வெடித்த விரல்கள்தாம். அதற்காக அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அவருக்கென்று ஒரு வழிபாடு இருந்தது. மாலைப் பூசையில் குழலும் யாழும் மத்தளமும் பெருமான் முன் ஒலிக்கத் தொடங்கியதும், எதிர் மூலையில் அமர்ந்து, வாசிப்பவர்களைப் பார்த்துப் பார்த்துத் தரையில் கரித்துண்டால் வரைவார். இசை எழுந்தால் கை எழும். இசை நின்றால் கையும் நின்றுவிடும். படத்தில் பாதி வரைந்து நின்ற விரலைக்கூட அதன்பின் தொடமாட்டார். பாடக் குரல் இல்லை, பூத்தொடுக்க விரல் வளையவில்லை. பெருமானுக்குக் கொடுக்க அவரிடம் இருந்தது இது ஒன்றுதான்.

குடமுழுக்கை முன்னிட்டுச் சுவரெல்லாம் சித்திரம் எழுத ஏற்பாடாயிற்று. இசைக்காரர்கள் அமரும் மண்டபத்தில் விளக்குப் புகை படியும் ஒரு சுவரை எந்த ஓவியரும் சீந்தவில்லை. சாத்தையனார் கோயில் அதிகாரியிடம் அதைக் கேட்டார். அவரும் போனால் போகிறது என்று கொடுத்துவிட்டார். அன்றுமுதல் பூசைக்குச் சற்று முன் சாந்து பூசி, அது ஈரமாக இருக்கும்போதே, இசை ஒலிக்கிற பொழுதில் மட்டும் எழுதி, குழல்காரரையும் யாழ்க்காரரையும் மத்தளக்காரரையும் சுவரில் ஏற்றினார்.

சுண்ணாம்புக்காரன் தூரிகை பிடித்தது ஓவியர்களுக்குப் பொறுக்கவில்லை. அவர்களுடைய தலைவர் தில்லைவிடங்கர் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்று சொல்வார்கள். பொறாமைக்குப் பசி தெரியாது போலும்.

அந்த ஊர்க் கலைஞர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சித்திரம் முடிந்ததும் எல்லாரும் கூடிப் பார்ப்பார்கள். குற்றம் கண்டவர் கண்ட இடத்தில் விளக்குக் கரியால் ஒரு பொட்டு வைப்பார். எழுதியவரும் தம் பங்குக்கு ஒன்று வைக்கவேண்டும். அன்றைய மாலைப் பூசைக்குள் எல்லாவற்றையும் திருத்திவிட வேண்டும். திருத்த முடியாத சித்திரத்தின்மேல் மறுநாள் வெள்ளை அடித்துவிடுவார்கள். எழுதியவர் அதன்பின் கோயிலுக்குள் கோடு இழுக்கவே கூடாது. படம் நன்றாக வரவேண்டும் என்று ஏற்பட்ட வழக்கம் அது. சாத்தையனாரின் சித்திரம் முடிந்த அன்று கூடியவர்களுக்கோ அந்த எண்ணம் துளியும் இல்லை.

தில்லைவிடங்கர் பெருவிரலைக் கரியில் தோய்த்து, வால் இழுத்தாற்போல ஒரு திருகு திருகிப் பொட்டு வைத்தார். அது அவருடைய கைப்பழக்கம்.

"மத்தளத்துல கை வச்சிருக்கா, சிலந்தி ஏறியிருக்கா?" என்று கேட்டார்.

அசையும் விரல்களை அசைகிறபடியே எழுதியிருந்தார் சாத்தையனார். மத்தளம் வாசிக்கும் முடிகொண்டார், எங்கள் வீட்டு எருமைகூட இப்படி வாயைப் பிளக்காது என்று சொல்லி, தம் உருவத்தின் முகத்திலேயே பொட்டு வைத்தார். பிறகு ஆளுக்கு ஆள் பாய்ந்தார்கள். சுவர் அம்மை போட்ட உடம்பாயிற்று.

கடைசியில் சாத்தையனார் தம் பொட்டைக் குழல்காரரின் பாதத்தில் வைத்தார். கூட்டம் சிரித்தது. ஏனென்றால் அந்தப் படத்திலேயே அழகாக அமைந்தது அந்தப் பாதம்தான்.

"உருப்படியா இருக்கறதே அந்தக் கால் ஒண்ணுதான். அதுல போயா வைக்கிறே?" என்றார் விடங்கர்.

"அதை எழுதறப்ப நான் பாட்டைக் கேக்கலீங்க. நல்லா வருதேன்னு என் கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

மற்றக் குற்றங்களைத் திருத்த இசை வேண்டும். கொஞ்சம் வாசிக்கச் சொல்லி இசைக்காரர்களைக் கெஞ்சினார். பெருமானுக்கு வாசிப்போமே தவிரச் சுண்ணாம்புக்காரனுக்கு வாசிக்க எங்களுக்கு என்ன தலையெழுத்து என்றார் முடிகொண்டார். தூரிகையை நனைத்துக்கொண்டு சுவர்முன் நின்றார் சாத்தையனார். கை எழவில்லை. உச்சிப்பொழுது சாயும்வரை அப்படியே நின்றார். பின்னால் நின்று அவர்கள் கைகொட்டினார்கள்.

மறுநாள் அடிக்கவேண்டிய வெள்ளையைக் குழைக்கும் வேலையும் அவருக்கே வந்தது. தம் சித்திரத்தை மூடும் சுண்ணாம்பைத் தாமே கட்டி தட்டாமல் குழைத்து வைத்தார். அன்று மாலைப் பூசையில் வெறுங்கையோடு அமர்ந்தார். குழல் ஒலித்ததும் விரல்கள் துடித்தன. அவற்றை மடக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"குத்தமெல்லாம் என்னோடது சாமி. பாட்டு உன்னோடது. அதைக் கேக்கக் காதை மட்டும் விட்டு வை" என்றார்.

காலையில் கருவறையைத் திறந்த குருக்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தார். லிங்கத் திருமேனி முழுதும் கரிப்பொட்டு. பாலும் நீரும் குடம் குடமாய்ச் சொரிந்தும் ஒன்றுகூட அழியவில்லை. வெள்ளையடிப்பதை வேடிக்கை பார்க்க வந்திருந்த ஓவியர்களும் இசைக்காரர்களும் ஓடிப் பார்த்தார்கள். வால் இழுத்தாற்போல் திருகிய பொட்டு ஒன்று பெருமானின் மார்பில் இருந்தது. அது தம் கை வைத்த பொட்டு என்று தில்லைவிடங்கருக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது கருவறைக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது: "பாட்டு எமக்காக எழுந்தது. அதைக் கேட்டு எழுந்த கோடும் எமக்கே ஆயிற்று. அதன்மேல் வைத்ததை எம்மேல் கண்டு ஏன் அஞ்சுகிறீர்?"

விடங்கர் மண்டபத்துக்கு ஓடி, சுவரில் தாம் வைத்த பொட்டை ஈரத்துணியால் துடைத்தார். பெருமான் மார்பிலிருந்த பொட்டு மறைந்தது. முடிகொண்டார் துடைத்தார், அதுவும் மறைந்தது. ஒருவர்பின் ஒருவராக எல்லாரும் தலை குனிந்து துடைத்தார்கள்.

ஒரே ஒரு பொட்டு மட்டும் திருமேனியின் அடியில் நின்றது. சாத்தையனார் பதறிப்போய்ச் சுவரில் தம் பொட்டைத் தேய்த்தார். பாதம் பளிச்சென்று வந்தது. பெருமானிடமிருந்த பொட்டோ அசையவில்லை. மீண்டும் தேய்க்கப் போனவரைக் குரல் தடுத்தது.

"அதை விடு, சாத்தா. இத்தனையிலும் எமக்கென்று வைத்தது அது ஒன்றே. அது எம்மிடம் இருக்கட்டும்."

முடிகொண்டார் போய் மத்தளத்தை எடுத்துவந்து, அந்தச் சுவருக்கு முன் அமர்ந்தார். அவர் வாசிக்கத் தொடங்கியதும் சாத்தையனாரின் கை தானே எழுந்தது.

இன்றும் வேய்ங்காட்டில் தீபாராதனைக்கு முன் ஈசர் திருவடியில் ஒரு கரிப்பொட்டு வைக்கிறார்கள். பிறர் கண்ட குற்றங்களுக்கு நடுவே, எவரும் காணாத தம் குற்றத்தைப் பெருமான் அறியத் தொட்டுக் காட்டிய சாத்தையனாரின் கரி படிந்த விரலை நாமும் வணங்குவோம்.