உட்கார்ந்தவருக்கு நூறு மதிப்பெண்

வெண்குடி நாட்டு அரண்மனை வாசலில் ஆளுயரக் கல் ஒன்று நின்றது. அதில் ஒரே ஒரு கட்டளைதான். ‘அரசின் கை, குடிமக்கள் வீட்டு வாசற்படிக்கு வெளியிலேயே நிற்கட்டும்.’ பட்டமேறும் மன்னர் எவரானாலும் அந்தக் கல்லைத் தொட்டுச் சத்தியம் செய்தாக வேண்டும்.

அந்த நாட்டு அவையில் முப்பத்திரண்டு உறுப்பினர்கள். வாக்களிப்பது அங்கே ரொம்பச் சுலபம். தீர்மானத்தை ஆதரித்தால் எழுந்து நில். எதிர்த்தால் உட்கார்ந்திரு. எழுத்தர் தலைகளை எண்ணி ஓலையில் குறிப்பார். எழுந்தவர்கள் அதிகமென்றால் மணி அடிப்பார். மணி அடித்துவிட்டால் அது சட்டம்!

ஒருநாள் தலைமை அமைச்சர் அம்பலராயர் ஒரு நீளமான ஓலையோடு வந்தார். அவரும் அந்த முப்பத்திரண்டு பேரில் ஒருவர். ஆள் குட்டை, பேச்சு மூக்கிலிருந்து வரும்.

“அர்ர்ரசே! நம் உறுப்பினர்களில் கல்லை மதிப்பவர் யார், மிதிப்பவர் யார் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். சென்ற வருடத்துப் பத்துத் தீர்மானங்கள். தீர்மானம் என்றாலே அரசின் கை நீளுவதுதானே! உட்கார்ந்திருந்தால் பத்து மதிப்பெண். எழுந்தால் சைபர். முப்பத்தைந்துக்குக் கீழே வாங்கியவருக்கு அவையில் இடமில்லை!”

மன்னர் மாறவழுதிக்குப் பட்டியல் என்றால் உயிர். “ஆகா! யார் முதலிடம்?”

“பூவராகர், அரசே. நூற்றுக்கு நூறு!”

மூலையில் பூவராகர் திடுக்கிட்டு விழித்தார். பாவம், அவருக்கு முட்டிவலி. வருடம் முழுக்க அவர் எதற்கும் எழுந்ததில்லை. அரசர் வரும்போது மட்டும் இரண்டு சேவகர்கள் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்துவார்கள்.

“கடைசி?”

“உப்பளத்து நாச்சிமுத்து. பத்தே பத்து!”

நாச்சிமுத்து குதித்தெழுந்தார். “சாமி, இது என்ன அநியாயம்? ஏரி மதகு உடைஞ்சுது, கட்டணும்னு எழுந்தேன். பாலம் ஆடுது, சரிபண்ணணும்னு எழுந்தேன். இதெல்லாம் யார் வீட்டு வாசப்படியைத் தாண்டுது? காவலர்கள் வீடு புகுந்து மிளகு மூட்டையைச் சோதிக்கலாம்னு இவரு ஒரு தீர்மானம் கொண்டாந்தாரே, அப்ப நான் உட்கார்ந்துதானே இருந்தேன்! அது எங்கே பட்டியல்ல?”

அம்பலராயர் இருமினார். “அது... அவ்வளவு முக்கியமான தீர்மானமில்லை.”

“எண் சொன்னால் சொன்னதுதான்,” என்றார் மன்னர். “நாளையோடு நாச்சிமுத்து உப்பளத்துக்குத் திரும்பலாம்.”

நாச்சிமுத்துவின் முகம் சுண்டிப்போனது. அவர் போய்விட்டால் உப்பளத்துக்காரர்களுக்காகப் பேச அவையில் வேறு நாதியில்லை.

அப்போது அரசவை விகடன் வேடியப்பன் நெளிந்துகொண்டே முன்னால் வந்தான். “அரசே, அருமையான பட்டியல். பத்தோடு பதினொன்றாக நாளைக்கு நான் ஒரு தீர்மானம் கொண்டுவரலாமா? அதில் மட்டும் எழுந்தவருக்கு மொத்த மதிப்பெண்ணும் போய்விட வேண்டும். அமைச்சருக்கும் சேர்த்து.”

அம்பலராயர் கெக்கலித்தார். “கொண்டு வாருமய்யா! எங்களுக்கு உட்காரத் தெரியாதா?”

மன்னரும் சம்மதித்தார். அன்று மாலையே அமைச்சர் தம் ஆட்களைக் கூட்டிக் காதோடு காதாகச் சொன்னார். “அந்தக் கோமாளி எதைப் படித்தாலும் அசையாதீர்கள். பசை போட்டு ஒட்டியது போல உட்காருங்கள்!”

மறுநாள் அவை கூடியது. மன்னர் இன்னும் வரவில்லை. வேடியப்பன் ஓலையை விரித்தான். ஒரு கண் ஓலையில், மறு கண் வாசலில். ஆற அமர, அமைச்சரின் மூக்குக்குரலிலேயே படித்தான்.

“அமைச்ச்சரின் ஆட்கள்... எவர் வீட்டுச் சமையலறைக்குள்ளும் புகுந்து... ரசத்தை ருசி பார்க்கலாம். காரம் குறைந்தால்... வீட்டுக்காரருக்குப் பத்துக் கசையடி!”

அவை சிரிப்பில் குலுங்கியது. ஆனால் ஒருவர்கூட எழவில்லை. அமைச்சர் மீசையை முறுக்கினார்.

தூரத்தில் மன்னரின் பல்லக்கு இறங்குவதை வேடியப்பன் பார்த்தான். தொண்டையைச் செருமினான். “ஆதரிப்பவர்கள் எழலாம்!”

அதே நொடியில் சங்கு முழங்கியது. “ராஜாதிராஜ மாறவழுதி மகாராஜா வருகிறார்!”

தடதடவென்று அவையே எழுந்தது. அமைச்சர் எழுந்தார். நாச்சிமுத்து எழுந்தார். பூவராகரைச் சேவகர்கள் தூக்கி நிறுத்தினார்கள். மன்னர் விறுவிறுவென்று வந்து சிம்மாசனத்தில் அமர்ந்தார். எழுத்தரோ கடமை தவறாதவர். விரல் நீட்டி எண்ணி முடித்துவிட்டார்.

“எழுந்தவர்கள் முப்பத்திரண்டு பேர், அரசே. எல்லோருக்கும் சைபர்.”

“ஐயையோ!” அமைச்சர் அலறியதில் மூக்குக்குரல்கூட மாறிவிட்டது. “நாங்கள் எழுந்தது ரசத்துக்காக இல்லை! அரசருக்காக!”

“அமைச்சரே,” என்றான் வேடியப்பன், “எதற்காக எழுந்தாய் என்று நாச்சிமுத்துவை நீங்கள் கேட்டீர்களா? உங்கள் பட்டியலில் காரணத்துக்கு இடமேயில்லையே!”

மன்னரின் முகம் சிவந்தது. “என்ன கொடுமை! கல்லை மதிப்பவன் என் அவையில் ஒருவன்கூடவா இல்லை?”

“ஒருவர் இருக்கிறார், அரசே. அத்தனை பேரும் எழுந்து நிற்கும்போது அவர் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். நூற்றுக்கு நூறு!”

“யார் அந்தத் தீரன்?”

எல்லோரும் சிம்மாசனத்தைப் பார்த்தார்கள். மன்னர் தமக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகுதான் உறைத்தது. வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பட்டியலை வாங்கி நாலாகக் கிழித்தார்.

“நாச்சிமுத்து, உன் இடம் உனக்கே. இனி யார் எதற்காக எழுந்தார் என்று விசாரிக்காமல் எவருக்கும் மதிப்பெண் கிடையாது. வேடியப்பா! உனக்கு என்ன பரிசு வேண்டும்? கேள்!”

“பரிசு இருக்கட்டும், அரசே. முதலில் இவர்களை உட்காரச் சொல்லுங்கள். எழுத்தர் மணியைத் தூக்கிவிட்டார். என் வீட்டு ரசத்தில் காரம் ரொம்பக் குறைச்சல்!”