பன்னிரண்டு கர்லீனியின் பின்பக்கம்

பிரெஞ்சுப் படைக்குப் பயந்து அரசர் கப்பலேறி ஓடிவிட, 1799இல் நேப்பிள்ஸ் நகரத்தில் ஐந்தே மாதம் குடியரசு நடந்தது. அதற்குள் தன் பெயரில் கொஞ்சம் வெள்ளி நாணயமும் அடித்துக்கொண்டது. அரசர் ஆட்சி திரும்பியதும் அந்த நாணயம் கையில் இருப்பதே ஆபத்து என்றாகிவிட்டது.

சலவைக்காரி நுன்சியாவின் கூடையில் வீரர்கள் அப்படி ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அது அவளுடைய எஜமானர் இப்பொலிட்டோ பிரபுவின் கோட்டுப் பையிலிருந்து விழுந்தது. நீதிபதி முன்னால் அவள் அதைச் சொன்னதும் பிரபு கொதித்தெழுந்தார்.

"அந்த ஐந்து மாதமும் அரசரை நினைத்து அழுதுகொண்டு அறைக்குள்ளேயே கிடந்தவன் நான். அந்த நாணயத்தை இந்தக் கண்ணால் பார்த்ததே இல்லை!"

நீதிபதி நாணயத்தைக் கைக்குள் மூடிக்கொண்டு நுன்சியாவைப் பார்த்தார். தூக்குமேடை அவள் கண்முன் நின்றது. கைகூப்பிக்கொண்டு பேசினாள்.

"நான் படிக்காதவள், ஐயா. அதில் நிற்கிற அம்மாளை நம் மகாராணி என்றல்லவா நினைத்தேன்! பின்பக்கம் அரண்மனைகூட இருக்கிறதே!"

"மடச்சி!" என்று பாய்ந்தார் பிரபு. "மகாராணியா ஈட்டி பிடித்துக்கொண்டு நிற்பார்? அது சுதந்திர தேவி! பின்பக்கம் ஏது அரண்மனை? இலை வளையம், அதன் நடுவில் 'பன்னிரண்டு கர்லீனி' என்று காசின் மதிப்பைச் சொல்லும் எழுத்து!"

நீதிபதி கையைத் திறந்து நாணயத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிரபு சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தவறவில்லை.

"நீ வீட்டுக்குப் போம்மா" என்றார் நுன்சியாவிடம். பிறகு காவலர்களைக் கூப்பிட்டார்.

"பிரபுவுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். அறைக்குள் கிடந்தே இவ்வளவு பார்த்திருக்கிறார். இன்னும் என்னென்ன பார்த்தார் என்று சாவகாசமாகக் கேட்போம்."