தேனப்ப ராசாவும் காத்தாயி வேலிப் பாவக்காயும்

எல்லாரும் காலை மடக்கி உக்காந்தாச்சா? அப்ப கேளுங்க. மலைக்கு இந்தாண்ட, ஆத்துக்கு அந்தாண்ட, மேலச்சுனைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊரை ஆண்டவரு பேரு தேனப்ப ராசா. அவரு பொறந்தப்போ நாக்குல தேன் தடவுனாங்களாம். எல்லாப் பிள்ளைக்கும் தடவுறதுதான். ஆனா இவருக்குத் தடவுனவங்க நிறுத்தவே இல்லை. பாலு குடிக்கிற வயசுல தேன், பல்லு மொளைச்ச வயசுல வெல்லம், மீசை மொளைச்ச வயசுல அதிரசம். இப்படியே வளந்து ராசாவும் ஆயிட்டாரு.

அந்த அரமணைக்குள்ள கசப்புங்கிறது வாசப்படி தாண்டக்கூடாது. அப்படி ஒரு கட்டளை. வருசப் பொறப்புக்கு ஊரெல்லாம் வேப்பம்பூ பச்சடி வெப்பாங்கல்ல, அரமணையில மட்டும் வேப்பம்பூ இல்லாத வேப்பம்பூ பச்சடி. மாங்காயும் வெல்லமுந்தான். அதை வெக்கிறவன் நல்லபெருமாள்னு ஒரு சமையக்காரன். கைப்பக்குவம் கெட்டிக்காரன்தான், சும்மா சொல்லக்கூடாது. ஆனா தலைக்கனம் இருக்கே, அது அவன் அண்டாவை விடப் பெரிசு. "என் கையால செஞ்சது கசந்துச்சுன்னு இந்தச் சீமையில ஒருத்தன் சொல்லட்டும், அன்னிக்கே கரண்டியைக் கெணத்துல போட்டுட்டுப் போயிடுறேன்"னு சொல்லிக்கிட்டே இருப்பானாம்.

இப்படி இருக்கையில ராசாவுக்கு மூணு உபத்திரவம் வந்துச்சு. ஒண்ணு, தாகம். குடம் குடமாக் குடிச்சாலும் தொண்டை காயுது. ரெண்டு, உள்ளங்கால் எரிச்சல். தரையில கால் வெச்சா தணல்ல வெச்ச மாதிரி இருக்குது. மூணாவது... சிரிக்கக்கூடாது... மூணாவது எறும்பு. ராசா தோட்டத்துல ஒண்ணுக்குப் போயிட்டுத் திரும்புனா போதும், அந்த எடத்துல எறும்பு வரிசை கட்டி நிக்குது. சொன்னேன்ல, சிரிக்கக்கூடாதுன்னு!

ராசா மந்திரிங்களைக் கூப்பிட்டு, "ஏன்யா, இந்த எறும்பு ஏன் என் பின்னாலேயே வருது?"ன்னு கேட்டாரு.

அவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு, "மகராசா, ஒங்க பெருமை அப்படி. மனுசன் கும்பிடுறான், யானை கும்பிடுது, எறும்பு மட்டும் சும்மா இருக்குமா?"ன்னாங்க.

ராசாவும் சந்தோசமா மீசையை முறுக்கிக்கிட்டாரு. என்ன சந்தோசப்பட்டு என்ன, காலு எரியுதே.

ஒரு நாளு பல்லக்குல போயிக்கிட்டு இருக்கையில ஊரு எல்லையில ராசாவுக்கு எரிச்சல் தாங்கலை. "எறக்குங்கடா, எறக்குங்கடா"ன்னு கத்துறாரு. எறக்குன எடம் காத்தாயி வீட்டு வேலி. காத்தாயி தனிக்கட்டை. ஆடு மாட்டுக்குப் புல்லு அறுத்து வித்துப் பொழைக்கிறவ. அவ வேலி பூரா பாவக்கொடி. பெரிய பாவக்காய் இல்லை, குருவித்தலை அளவுக்கு உருண்டை உருண்டையா காய்க்குமே, அது. கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு. வயித்துல பூச்சி விழுந்த பிள்ளையா, கூப்பிடு காத்தாயியை. காலு எரியுதா, கூப்பிடு காத்தாயியை. கழனியில நின்னு நின்னு காலு அரிக்குதா, அதுக்கும் அந்த வேலிதான். ஊருக்கே மருந்துப் பெட்டி அந்த வேலி. அதை விட்டா அவளுக்கு வேற சொத்தும் கெடையாது.

அவ புல்லுக்கட்டை எறக்கி வெச்சுட்டு ராசாவைப் பாத்தா. ராசாவுக்குப் பின்னால ஊர்ந்து வர்ற எறும்பையும் பாத்தா. ரெண்டு கை நெறைய பாவ எலையைப் பறிச்சு, கசக்கி, அந்தச் சாறை ராசா உள்ளங்கால்ல தேய்ச்சா. அம்மாடி! ராசாவுக்குக் கண்ணு சொருகிடுச்சு. எத்தனை நாளாச்சு கால் குளுந்து!

"யாரும்மா நீ? எங்க அரமணையில எறும்பு கூட எனக்குக் கும்பிடு போடுது, என் காலு எரிச்சலுக்கு மட்டும் ஒருத்தனும் ஒண்ணும் பண்ணலை"ன்னாரு ராசா.

"எறும்பு கும்பிடு போடலை சாமி. சக்கரைக்கு வருது. ஒங்க ஒடம்புல ஏறுன இனிப்பு எறங்க மாட்டாம கீழ வழியுது. எலை காலுக்குத்தான். உள்ளுக்குக் காய் திங்கணும். ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு தின்னுங்க. எறும்பு தானாப் போயிடும்."

"திங்கிறேன். எப்படி இருக்கும்?"

"கசக்கும் சாமி."

"கசப்புன்னா என்ன?"

 பாவம், காத்தாயி என்னன்னு சொல்லுவா? "சொன்னா வெளங்காது சாமி. நாக்குல பட்டாத்தான் தெரியும்"ன்னா.

மறுநாளு ஒரு கூடை காயோட அரமணை வாசலுக்குப் போனா. உள்ள விடுவாங்களா புல்லுக்காரியை? நல்லபெருமாள்தான் வெளிய வந்தான். அவ அவன்கிட்ட மூணு சொல்லு சொன்னா. "அண்ணே, உப்புப் போட்டுப் பிசறாதீங்க. பிழிஞ்சு கொட்டாதீங்க. வெல்லம் சேக்காதீங்க. காயோட கசப்புத்தான் மருந்து."

"எனக்கே சமையல் சொல்லிக் குடுக்க வந்துட்டியா? கூடையை வெச்சுட்டுப் போ"ன்னான் அவன்.

உள்ள போயி ஒரு துண்டு நறுக்கி நாக்குல வெச்சான். ஒடம்பே ஒதறுச்சு. "இதை நான் ராசா எலையில வெக்கிறதா? என் பேரு என்னாகுறது?"ன்னு நெனைச்சான். நெனைச்சுட்டு, காயை நறுக்கினான், கை நெறைய உப்பை அள்ளிப் போட்டான், பிசறினான், ஊற வெச்சான், ரெண்டு கையாலயும் பிழிபிழின்னு பிழிஞ்சான். பச்சைப் பசேல்னு தண்ணி எறங்குச்சு. அந்தத் தண்ணியைச் சட்டியோட கொல்லைப் பக்கம் தள்ளிட்டு, சக்கையில புளியை ஊத்தி, வெல்லத்தை உடைச்சுப் போட்டு, தேங்காயைத் துருவிப் போட்டுக் கொண்டுபோயி வெச்சான்.

ராசா ஒரு வாய் தின்னாரு. "அடடே! கசப்புன்னா இதுதானா? இவ்வளவு ருசியா இருக்குமா? இன்னும் கொஞ்சம் வையிப்பா!"

தெனம் கூடையோட வந்த காத்தாயி, மறுநாளு வாசல்ல கேட்டா, "ராசா மூஞ்சியைச் சுளிச்சாரா அண்ணே?"

"சுளிச்சாரு."

பத்து நாளு கழிச்சுக் கேட்டா, "ராசா மூஞ்சியைச் சுளிச்சாரா அண்ணே?"

"சுளிச்சாரு சுளிச்சாரு, மூணு முழத்துக்குச் சுளிச்சாரு."

நாப்பதாம் நாளு கேட்டா, "ராசா இன்னும் மூஞ்சியைச் சுளிக்கிறாரா அண்ணே?"

"சுளிச்ச மூஞ்சி இன்னும் நேராகலை, போ போ!"

பாவம், அவ நம்பிக்கிட்டுப் போனா.

அந்தக் கொல்லையில பாத்திரம் தேய்க்கிறவன் ஒருத்தன், மொக்கையன்னு பேரு. வெகுளி. ஒண்ணு சொன்னா ஒண்ணுதான் தெரியும், ரெண்டாவது தெரியாது. அவன் ஒரு ஆட்டுக்குட்டி வளத்தான். வெள்ளச்சின்னு கூப்பிடுவான். அதுக்கு வயித்துல பூச்சி. வயிறு மட்டும் பானை மாதிரி, மத்த எடமெல்லாம் எலும்பு. ஆட்டுக்கு உப்புன்னா உசுருன்னு ஒங்களுக்குத் தெரியுமா? கையில உப்பை வெச்சு நீட்டிப் பாருங்க, ரேகை அழியிற வரைக்கும் நக்கும். அந்தப் பாவக்காய்த் தண்ணியில கை நெறைய உப்பு இருந்துச்சுல்ல, வெள்ளச்சி சட்டிக்குள்ள மூஞ்சியை விட்டு சளக்கு சளக்குன்னு குடிச்சுது. மொக்கையன் நல்லபெருமாள்கிட்டப் போயி, "அண்ணே, இந்தத் தண்ணியை ஆடு குடிக்கலாமா?"ன்னு கேட்டான்.

"சாக்கடைக்குப் போறதைத்தானடா குடிக்குது, குடிக்கட்டும்"னான் அவன்.

நாளு ஆக ஆக, வெள்ளச்சி வயித்துப் பூச்சியெல்லாம் விழுந்துச்சு. பானை வயிறு வத்துச்சு. எலும்பு மறைஞ்சுது. மினுமினுன்னு முடி மொளைச்சுது. ராசாவுக்கோ தொண்டை இன்னும் காஞ்சுது. காலு இன்னும் எரிஞ்சுது. எறும்பு முன்ன ஒரு வரிசையா வந்தது இப்ப மூணு வரிசையா வந்துச்சு.

நாப்பத்தெட்டு நாளு முடிஞ்சுது. ராசாவுக்கு எந்திரிச்சு நிக்க முடியலை. கண்ணு மங்குது. கோவம் மட்டும் மங்கலை. "என்னை ஏமாத்திட்டா! அவ கொடியை வேரோட புடுங்கித் தீ வையுங்க. அவளை ஆத்துக்கு அந்தாண்ட வெரட்டுங்க. என் கண்ணு முன்னாலயே நடக்கணும்"னு பல்லக்குல ஏறிட்டாரு. அருவாளோட ஆளுங்க முன்னால போறாங்க, ராசா நடுவுல போறாரு, நல்லபெருமாள் ஒண்ணும் தெரியாதவன் மாதிரி பின்னால போறான்.

வேலிகிட்ட ஊரே கூடிடுச்சு. காத்தாயி கொடி முன்னாடி கையை விரிச்சு நின்னா. "சாமி, என்னை வேணா வெரட்டுங்க. கொடியை விட்டுடுங்க. இந்த ஊருப் பிள்ளைங்களுக்கு வயித்துவலி வந்தா எங்க போவாங்க?"

"ஒன் மருந்து எனக்கே கேக்கலை, பிள்ளைங்களுக்கு மட்டும் கேக்குமாக்கும்! வெட்டுங்கடா!"

நல்லபெருமாள் அங்கதான் நிக்கிறான். ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வாயைத் தொறந்தானா? தொறக்கலை. தோள்துண்டால வாயைத் தொடச்சுக்கிட்டான், அவ்வளவுதான்.

அருவாளை ஓங்கிட்டாங்க. அப்பப் பாத்து கூட்டத்தை விலக்கிக்கிட்டு, "அக்கா! அக்கா!"ன்னு மொக்கையன் ஓடியாறான். தோள்ல வெள்ளச்சி. கழுத்துல செவ்வந்தி மாலை. மாலை அவனுக்கு இல்லை, ஆட்டுக்கு.

"அக்கா, ஒன் பாவக்காயால என் வெள்ளச்சி பொழைச்சுட்டா. ஒனக்குக் காட்டிட்டு ஒரு கும்பிடு போடலாம்னு தூக்கியாந்தேன். என்னா எடை தெரியுமா! நீயே தூக்கிப் பாரு!"

எல்லாரும் மலைச்சுப் போயி நிக்கிறாங்க. ராசா பல்லக்குல இருந்து எட்டிப் பாத்தாரு.

"ஏய், இவ மருந்து குடுத்தது எனக்கு. ஒன் ஆடு எப்படிடா பொழைச்சுது?"

"எனக்கு என்னா தெரியும் மகராசா. காய் ஒங்களுக்கு, பிழிஞ்ச தண்ணி என் ஆட்டுக்கு. தெனம் ஒரு சட்டி. நல்லபெருமாள் அண்ணன்தான் குடிக்கட்டும்னாரு. தங்கமான மனுசன்!"

காத்தாயி மெதுவா ராசாகிட்டப் போனா. "சாமி, மூணே கேள்வி. தின்னப்போ நாக்கு சுருண்டுச்சா?"

"இல்லையே."

"மொகம் சுளிச்சுச்சா?"

"எதுக்குச் சுளிக்கணும்? ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னேன்."

"கசந்துச்சா?"

"இனிப்பா இருந்துச்சு. அதுக்குப் பேருதானே கசப்பு?"

காத்தாயி வேலிப் பக்கம் திரும்பினா. கொடியில இருந்து ஒரு காயைப் பறிச்சு அவரு கையில குடுத்தா. ராசா அதை வாயில போட்டுக் கடிச்சாரு.

அட, அந்த மொகத்தை நீங்க பாத்திருக்கணும்! ஒரு கண்ணு இங்க போச்சு, ஒரு கண்ணு அங்க போச்சு, மீசை மேல ஏறுச்சு, கிரீடம் ஒரு பக்கமாச் சாஞ்சுது. பொறந்ததுல இருந்து சுளிக்காத மூஞ்சி, மொத்தத்தையும் அன்னிக்கே சுளிச்சுடுச்சு. ஊரே வாயைப் பொத்திக்கிட்டு நிக்குது, சிரிச்சா தலை போயிடுமே! ராசா துப்பலை. கண்ணுல தண்ணி வர மென்னு முழுங்கினாரு. முழுங்கிட்டு, "ஓ... இதுதான் கசப்பா?"ன்னாரு.

"இதுதான் சாமி."

"அப்ப நாப்பத்தெட்டு நாளா நான் தின்னது?"

"சக்கை சாமி."

ராசா திரும்பினாரு. மந்திரிங்க திரும்பினாங்க. அருவாள்காரங்க திரும்பினாங்க. வெள்ளச்சி கூடத் திரும்புச்சு. நல்லபெருமாளுக்குத் தோள்துண்டு தானா இடுப்புக்கு எறங்குச்சு. "மகராசா... என் கையால செஞ்சது கசந்துச்சுன்னு ஒரு பேரு வந்துடக்கூடாதேன்னு..."

"ஒன் பேருக்காக என் காலு எரிஞ்சுது. சரி, அது போகட்டும். இவ கொடியை வெட்டப் போறாங்க, அப்பவும் நின்னு பாத்துக்கிட்டு இருந்தியே!"ன்னாரு ராசா. "கரண்டியை மொக்கையன்கிட்டக் குடு. அவன் தேய்ச்ச பாத்திரத்தை இனிமே நீ தேய்."

மொக்கையன் பதறிப்போயி, "மகராசா, எனக்குச் சமைக்கத் தெரியாதே! பிழியத் தெரியாது, வெல்லம் சேக்கத் தெரியாது, வேக வெக்கிறது ஒண்ணுதான் தெரியும்"ன்னான்.

"அது போதும்"னாங்க ராசாவும் காத்தாயியும் ஒண்ணா.

அப்புறம் என்ன? காத்தாயி காய் பறிச்சா, மொக்கையன் வேக வெச்சான், ராசா மூஞ்சியைச் சுளிச்சு சுளிச்சுத் தின்னாரு. அதிரசத்தைத் தொடலை. காலையில தோட்டத்தைச் சுத்தி நடந்தாரு. மூணு வரிசை எறும்பு ரெண்டாச்சு, ரெண்டு ஒண்ணாச்சு, நாப்பத்தெட்டாம் நாளு ஒரு எறும்பையும் காணோம். ராசா செருப்பில்லாம மண்ணுல நடந்து காத்தாயி வேலி வரைக்கும் வந்தாரு. வந்து, வேலிக்கு நல்ல மூங்கில்ல பந்தல் போடச் சொன்னாரு. வருசப் பொறப்புக்கு அரமணைப் பச்சடியில வேப்பம்பூவும் விழுந்துச்சாம்.

சரி, அந்த எறும்பெல்லாம் எங்க போச்சு? கேக்கவே இல்லையே நீங்க!

ராசா திங்காம உக்கிராண அறையில கெடந்த வெல்லம், அதிரசம், தேன்சாடி, அத்தனையையும் யாரு தின்னது? பாத்திரம் தேய்க்கிறப்போ கதவு தொறந்துதானே இருந்துச்சு. அந்த எறும்பு வரிசை மடப்பள்ளியைச் சுத்தி, மதிலைத் தாண்டி, கெணத்தைக் கடந்து, நேரா நல்லபெருமாள் வீட்டுக் கொல்லைக்குப் போயி நின்னுச்சு!

ஒரு நாளு விடியக்காலையில காத்தாயி வேலிகிட்ட ஒரு ஆளு காலை மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டு நிக்கிறான்.

"யாரது? நல்லபெருமாள் அண்ணனா? காலு எரியுதா?"

அவன் தலையை ஆட்டுனான். "ரெண்டு காய் குடேன், தாயி."

காத்தாயி பொம்பளையில்லையா, மனசு எளகினவ. மடி நெறையப் பறிச்சுக் குடுத்தா. அவன் நாலு எட்டு போன பொறகு கூப்பிட்டா. "அண்ணே!"

"என்ன தாயி?"

"பிழிஞ்சிடாதீங்க!"

அன்னியிலிருந்து அவன் பிழியவே இல்லையாம். சுளிச்சுக்கிட்டே தின்னு, அவனும் நல்லா ஆனான், ராசாவும் நல்லா இருந்தாரு. வெள்ளச்சி ரெண்டு குட்டி போட்டுச்சு.

நல்லதைக் குடுக்கிறவங்க கசப்பாக் குடுத்தா அப்படியே வாங்கிக்கணும், இனிப்பாக்கித் தாரேன்னு அதுல இருக்கிற நல்லதை யாரும் வழிச்சுக் கொட்டிடக்கூடாது. கொடி பந்தல் ஏறிடுச்சு, கதை கீழ எறங்கிடுச்சு. நாளைக்கு ஒங்க தட்டுல ரெண்டு துண்டு விழுந்தா, தாராளமா மூஞ்சியைச் சுளிச்சுக்கோங்க. ஆனா முழுங்கிடுங்க.