தளவாய் தின்ற வெள்ளரிக்காய்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், மழை எப்போதாவது வழி தவறி எட்டிப் பார்க்கும் முள்ளிநாட்டைச் சீராளபூபதி என்றொரு அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் சாப்பாட்டில் ஒன்று குறைந்துவிட்டால் நாடே பறிபோனதுபோலக் குதிப்பார். ஒரு சித்திரை மாத மதியம், அவர் இலையில் வெள்ளரிப் பிஞ்சு இல்லை.

"எங்கே என் வெள்ளரி?" என்று கேட்டார் அரசர்.

தளவாய் வீரபாகு முந்திக்கொண்டார். இவர் படைத்தலைவர். அமைச்சர் அம்பலவாணரின் காலை எப்போது வாரலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் இவருக்கு முக்கியமான வேலை, படையெல்லாம் அதற்கு அப்புறம்.

"காட்டு மானும் பன்றியும் வேலியை உடைத்து அரண்மனைத் தோட்டத்தை நாசம் செய்துவிட்டன, அரசே. பிறவியிலேயே திருட்டுப் புத்தி. பெரிய வேட்டை வைத்துக் கூண்டோடு ஒழித்துவிடலாம். தோட்டத்தைச் சுற்றி வில்லாளிகளையும் நிறுத்துவோம். வேலியைத் தாண்டியது எதுவானாலும் அம்புதான்."

"அப்படியே செய்யும்" என்றார் அரசர், வெள்ளரி இல்லாத இலையை முறைத்தபடி.

அன்று காலையில்தான் அம்பலவாணர் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வரும் வழியில், வெடித்துக் கிடந்த குட்டைக்கு நடுவே ஒரு பெண்மான் காய்ந்த மண்ணை நக்கிக்கொண்டு நின்றது. அது இன்னும் அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"அரசே, பக்கத்துப் பாத்தியில் முற்றிய சோளம் நிற்கிறது. அதில் ஒரு கதிரைக்கூட அவை தொடவில்லை. வெள்ளரியையும் வாழைத் தண்டையும்தான் கடித்திருக்கின்றன. அவை பசிக்கு வரவில்லை, தாகத்துக்கு வந்திருக்கின்றன. காட்டில் நாலைந்து இடத்தில் குழி வெட்டி, களிமண் பூசி, நம் யானை குளிக்கிற தண்ணீரில் பாதியை வண்டியில் கொண்டுபோய் ஊற்றினால் போதும். ஒன்றுகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது."

"இன்றைக்குத் தண்ணீர் கேட்பார், நாளைக்கு மானுக்கு மோரும் பன்றிக்குப் பானகமும் கேட்பார்" என்றார் தளவாய். சபை சிரித்தது. அரசரும் சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் ஏதாவது விபரீதமாகச் சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"மிருகத்தின் மனசு உமக்கு எப்படி ஓய் தெரியும்? அந்தத் தோட்டத்தில் புகுந்து தின்றது ஏதாவது ஒன்று என் எதிரே வாயைத் திறந்து, 'தாகத்தால்தான் வந்தேன்' என்று சொல்லட்டும். குழி வெட்டித் தருகிறேன். வேட்டையில் முதல் மிருகம் விழுவதற்குள் சொல்லவில்லை என்றால், காட்டை வளைக்கச் சொல்லிக் கொம்பு ஊதப்போவது நீர்தான்."

சபை மறுபடியும் சிரித்தது. அம்பலவாணர் மட்டும் தாடியை நீவிக்கொண்டார். பிறகு பணிவாகச் சொன்னார்: "உத்தரவு, அரசே. ஒரே ஒரு வேண்டுகோள். இந்த முறை வேட்டைக்காப்பைத் தளவாய்க்குக் கட்டுங்கள். அவரைவிடப் பொருத்தமானவர் யார் இருக்கிறார்?"

தளவாயின் மார்பு இரண்டு விரற்கடை விரிந்தது.

முள்ளிநாட்டில் ஒரு வழக்கம் உண்டு. மணிக்கட்டில் வேட்டைக்காப்புக் கட்டியவர் காட்டு அம்மனுக்குப் படைத்த, உப்பிட்டுக் காயவைத்த இறைச்சியான உப்புக்கண்டத்தைச் சாப்பிட்டுவிட்டு, தனியாகக் காட்டுக்குள் போய் முதல் மிருகத்தை வீழ்த்த வேண்டும். அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது. வேட்டையன்று காலையில் அம்பலவாணரே பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினார். "இன்னும் ரெண்டு துண்டு வையுங்கள், வீரர் சாப்பிட வேண்டாமா" என்று சொல்லிச் சொல்லி இலையை நிரப்பினார். தளவாயும் புகழ்ச்சியோடு சேர்த்து விழுங்கினார்.

வெயில் உச்சிக்கு ஏறியது. காட்டோரக் கூடாரத்தில் அரசர் காத்திருந்தார். அமைச்சரின் மடியில் கொம்பு கிடந்தது. தளவாய் போகும் வழியில் ஒரு முயல் குறுக்கே ஓடித் தொலைத்தாலும் எல்லாம் முடிந்தது. அந்தக் கொம்பைத் தன் வாயால் ஊதிவிட்டு எப்படி உயிர் வாழ்வது என்று நினைத்தபடி அவர் தோட்டத்துப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு காவலாள் ஓடி வந்தான். "அரசே, தோட்டத்துக்குள் ஒன்று புகுந்துவிட்டது. சுற்றி வளைத்துவிட்டோம். தாங்கள் வந்து பார்க்காமல் அம்பு விடக் கூடாது என்று அமைச்சர் சொல்லியிருந்தார்."

போய்ப் பார்த்தால், காவலில் மறுபடி காய்க்கத் தொடங்கியிருந்த வெள்ளரிக் கொடிகளுக்கு நடுவே தளவாய் வீரபாகு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தலைப்பாகை வேலி முள்ளில் தொங்கியது. கைக்கு ஒரு காய், மீசை முழுக்க விதை.

"வேலியைத் தாண்டியது எதுவானாலும் அம்பு என்று உத்தரவு. விடலாமா, அரசே?" என்று வில்லாளி வெகு மரியாதையாகக் கேட்டான்.

"வேண்டாம், வேண்டாம். நான் திருடன் இல்லை, அரசே. தாகம். நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீர்தானே குடிக்கக் கூடாது, காய் தின்னலாமே என்று வந்துவிட்டேன். இந்தப் பச்சையைப் பார்த்த பிறகு வேலியே கண்ணுக்குத் தெரியவில்லை."

"காட்டில் ஒரு மிருகம்கூடவா அகப்படவில்லை?" என்று அம்பலவாணர் கனிவாகக் கேட்டார்.

"ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லாத காட்டில் எது ஐயா இருக்கும்?" என்று தளவாய் எரிந்து விழுந்தார். விழுந்த பிறகுதான், தான் சொன்னது தன் காதிலேயே ஏறியது. தலையைக் குனிந்துகொண்டார்.

"என் சாட்சி பேசிவிட்டது, அரசே" என்றார் அமைச்சர்.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நடுவில் நின்றது. நாண் ஏற்றியிருந்த விற்களைச் சுற்றிப் பார்த்தார், தளவாயின் வெடித்த உதடுகளைப் பார்த்தார். "அம்பை இறக்குங்கள்" என்றார். தானே காப்பை அவிழ்த்துத் தளவாயின் கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தார்.

"அமைச்சரே, பாதித் தண்ணீர் கேட்டீர். முழுவதையும் எடுத்துக்கொள்ளும். யானை அழுக்காக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மழை வரும்வரை தண்ணீர் வண்டியைத் தளவாய் ஓட்டுவார். தாகம் என்றால் என்ன என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்."

குழிகள் நிறைந்த சில நாளில் அரசர் அமைச்சரோடு பார்க்கப் போனார். சாயங்கால வெயிலில் ஒரு பெண்மான் குட்டியோடு முள்மரத்தடிக்கு வந்து நின்றது. தண்ணீரையும் பார்த்தது, அரசரையும் பார்த்தது. ஓடவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை.

"ஏன் ஐயா குடிக்க மாட்டேன் என்கிறது?" என்று அரசர் ரகசியமாகக் கேட்டார்.

"தாங்கள் நிற்கிறீர்களே, அரசே."

எத்தனையோ போர்க்களம் பார்த்த சீராளபூபதி, மானைப் பார்த்தபடியே ஓர் அடி பின்னால் வைத்தார். அப்புறம் இன்னோர் அடி. மான் தலையைக் குனிந்து தண்ணீரில் வாய் வைக்கும்வரை, அவர் பின்வாங்கிக்கொண்டே போனார்.